பிரிட்டன் அரசு மருத்துவமனையில் யாருக்கு இலவசம், யாருக்கு 150% பில்? பெற்றோரை லண்டனுக்கு அழைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரிட்டனில் எல்லாருக்கும் மருத்துவம் இலவசம். நம்ம ஊரில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லண்டனில் வேலை பார்க்கும் மகனையோ, பேரப்பிள்ளையையோ பார்க்க ஆறு மாத விசாவில் கிளம்பும் பெற்றோரும் இந்த நம்பிக்கையோடுதான் விமானம் ஏறுகிறார்கள்.

பாதி உண்மை. மீதி பாதி, மருத்துவமனை பில் கைக்கு வரும்போதுதான் தெரியவரும். சுற்றுலா விசாவில் போனவர் அங்கே நெஞ்சுவலி வந்து வார்டில் சேர்க்கப்பட்டால், அந்த நாட்டு அரசு மருத்துவமனையே அவருக்கு பில் போடும். அதுவும் சாதாரண விலையில் இல்லை, ஒன்றரை மடங்கு.

யாருக்கு இலவசம்? யார் கட்டணும்? கட்டாவிட்டால் என்ன ஆகும்? இந்த விதிகளால் பிரிட்டன் அரசுக்கு உண்மையிலேயே லாபம் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இலவச மருத்துவம் எப்படி வந்தது?

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5-ம் தேதி தொடங்கப்பட்டது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் அனூரின் பெவன். மக்கள் கட்டும் வரியில் இருந்து செலவு செய்வது, சிகிச்சை பெறும் இடத்தில் காசு கேட்காமல் இருப்பது - இதுதான் திட்டத்தின் அடிப்படை.

தொடங்கிய உடனேயே ஒரு கேள்வியும் வந்துவிட்டது. 'வெளிநாட்டில் இருந்து வருகிறவனுக்கும் நம்ம வரிப் பணத்திலா?' வெளிநாட்டவருக்கும் சிகிச்சை கொடுப்பதுதான் சரி என்று வாதாடியவர் பெவன். ஆனாலும் பிரிட்டனில் வசிக்காதவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்ற அதிகாரம் 1949-லேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி கட்டண விதிகள் வந்ததோ 1982-ல்தான். நடுவில் 33 வருஷம், சட்டம் காகிதத்தில் மட்டுமே இருந்தது.

இப்போது இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பவை 2015-ல் வந்த விதிகள். 2017-ல் அவை இன்னும் கடுமையாக்கப்பட்டன. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. இந்தக் கட்டுரை பேசுவது முக்கியமாக இங்கிலாந்து பற்றி.

பாஸ்போர்ட் முக்கியமா? வரி கட்டுவது முக்கியமா?

இரண்டும் இல்லை. இங்கதான் பலரும் குழம்புகிறார்கள்.

இலவச சிகிச்சைக்கு விதி கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த நபர் பிரிட்டனில் 'வழக்கமாக வசிப்பவரா' என்பது. சட்டப்படியும், தன் விருப்பப்படியும், அப்போதைக்கு அங்கேயே நிலையாகவும் வாழ்கிறவராக இருக்கணும். பிரிட்டனில் தங்க அனுமதி தேவைப்படும் வெளிநாட்டவர்களுக்கு 2014-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இன்னொரு நிபந்தனையும் போட்டது. காலவரையற்றுத் தங்கும் அனுமதி இருந்தால்தான் அவர் 'வழக்கமாக வசிப்பவர்' என்று கணக்கில் வருவார்.

இதனால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையில் செட்டில் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷம் அங்கே வரி கட்டியவர். பிள்ளைகளைப் பார்க்க ஒரு மாதம் லண்டன் போகிறார். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், பொதுவான விதிப்படி அவருக்கும் பில் வரும். காரணம், அவர் இப்போது வசிப்பது பிரிட்டனில் இல்லை. நிரந்தரமாகத் திரும்பி வந்துவிட்டார் என்றால் கதை வேறு.

மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா வாங்குகிறவர்கள், விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே ஒரு தொகையைக் கட்டிவிடணும். குடியேற்ற சுகாதாரக் கூடுதல் கட்டணம் என்று அதற்குப் பெயர். 2015-ல் இது தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டு. 2019-ல் 400 ஆனது. 2020-ல் 624. 2024 பிப்ரவரி 6 முதல் 1,035 பவுண்டு. ஒன்பதே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல்.

மாணவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

- ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குப் போகும் மாணவருக்கு வழக்கமாக 16 மாத விசா கிடைக்கும். முதல் ஆண்டுக்கு 776, மீதி நான்கு மாதத்துக்கு அதில் பாதி 388. மொத்தம் 1,164 பவுண்டு. சுமார் 1.28 லட்சம் ரூபாய்.
- ஐந்தாண்டு வேலை விசாவில் போகும் கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஆண்டுக்கு 2,846 பவுண்டு. ஐந்தாண்டுக்கு 14,230 பவுண்டு. சுமார் 15.65 லட்சம் ரூபாய்.

இவ்வளவும் மொத்தமாக, முன்கூட்டியே கட்டணும். அங்கே போய் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு இவர்கள் மற்றவர்களைப் போலவே வரியும் கட்டுவார்கள். 'ஒரே சேவைக்கு இரண்டு முறை பணமா?' என்று குடியேறியவர்கள் கேட்பது இதனால்தான்.

இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது 2020-ல். கொரோனா வார்டுகளில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த வெளிநாட்டு நர்ஸ்களும், மருத்துவமனை ஊழியர்களும் தாங்கள் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையைப் பயன்படுத்தக் கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் மறுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன், எதிர்ப்பு வலுத்ததும் அந்த மே மாதமே பின்வாங்கினார். இப்போது சுகாதார, பராமரிப்புப் பணி விசாவில் போகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. நர்ஸ் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கட்டணம் கட்டியவர்களுக்கு மருத்துவமனை சிகிச்சையில் உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு. ஏற்கனவே இருக்கும் நோய் என்று ஒதுக்க மாட்டார்கள். பிரசவமும் இதில் அடங்கும். ஆனால் கருத்தரிப்பு உதவி சிகிச்சை அடங்காது. மருந்துச்சீட்டு, பல், கண்ணாடி ஆகியவற்றுக்கு இங்கிலாந்தில் உள்ளூர்க்காரர்களே கட்டணம் கட்டுகிறார்கள். அதை இவர்களும் கட்டணும்.

அப்போ, பார்வையாளர் விசாவில் போகும் பெற்றோருக்கு?

ஆறு மாதம் வரையிலான பார்வையாளர் விசாவுக்கு இந்தக் கூடுதல் கட்டணம் கிடையாது. 'அப்பாடா, மிச்சம்' என்று தோன்றலாம். உண்மையில் ஆபத்து அதிகம் இவர்களுக்குத்தான். முன்பணம் கட்டாததால், மருத்துவமனை சிகிச்சைக்கு நேரடியாகப் பணம் கட்டவேண்டிய பட்டியலில் இவர்கள் வருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் பணம் என்று பயப்படவும் வேண்டாம். பார்வையாளருக்கும் காசு கேட்காமல் கிடைப்பவை இவை:

- ஜி.பி. எனப்படும் பகுதி மருத்துவரைப் பார்ப்பது. வெளிநாட்டவரும் தற்காலிக நோயாளியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.
- மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தரப்படும் சிகிச்சை.
- 111 என்ற தொலைபேசி ஆலோசனை சேவை.
- காசநோய், மலேரியா, காலரா, கொரோனா போன்ற தொற்றுநோய்களுக்கும், பாலியல் தொற்றுகளுக்கும் சிகிச்சை. எச்.ஐ.வி. சிகிச்சை 2012 அக்டோபரில் இதில் சேர்ந்தது.
- குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை. கருக்கலைப்பு இதில் வராது.
- சித்திரவதை, குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை ஆகியவற்றால் ஏற்பட்ட பாதிப்புகளுக்கான சிகிச்சை.

அகதிகள், தஞ்சம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்கள் போன்றோருக்கும் கட்டணத்தில் இருந்து விலக்கு உண்டு.

அவசர சிகிச்சை இலவசம் என்றால் பில் எங்கிருந்து வருகிறது?

இதுதான் ரொம்ப முக்கியமான இடம். அவசரப் பிரிவுக்குள் நடப்பதுதான் இலவசம். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில் வார்டுக்கு மாற்றி, 'உள்நோயாளி' என்று பதிவு செய்த நொடியில் மீட்டர் ஓடத் தொடங்கும்.

ஒருவருக்கு நெஞ்சுவலி. அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுக்கிறார்கள், ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், மாரடைப்பு என்று கண்டுபிடிக்கிறார்கள். இதுவரை காசு இல்லை. ஆஞ்சியோ செய்யவும், ஸ்டென்ட் வைக்கவும், ஐ.சி.யு.வில் மூன்று நாள் வைத்துப் பார்க்கவும் உள்நோயாளியாகச் சேர்த்தால், அதெல்லாம் பில்லில் வரும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு மருத்துவமனைக்குத் திரும்பப் போய்க் காட்டும் புறநோயாளி சிகிச்சைக்கும் பில் உண்டு.

எவ்வளவு? என்.எச்.எஸ். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு உள் விலை வைத்திருக்கிறது. அதில் 150 சதவிகிதம். அதாவது அந்த விலை 4,000 பவுண்டு என்றால், வெளிநாட்டவருக்கு 6,000. 10,000 என்றால் 15,000.

அடக்க விலையை விட ஏன் அதிகம்? மருத்துவமனைகளை ஊக்கப்படுத்தத்தான். கட்டணம் கட்ட வேண்டிய நோயாளியைத் தேடிப் பிடித்து, கணக்கெழுதி, பின்னால் அலைந்து வசூலிப்பது மருத்துவமனைக்குத் தலைவலி பிடித்த வேலை. கூடுதல் வருமானம் கிடைத்தால்தான் அதைச் செய்வார்கள் என்பது அரசின் கணக்கு.

பணம் இல்லாவிட்டால் சிகிச்சை மறுப்பார்களா?

விதி மூன்று வகையாகப் பிரிக்கிறது.

முதலாவது, உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சை. உயிரைக் காக்க, நிரந்தர பாதிப்பைத் தடுக்கத் தேவையானது. பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்தே ஆகணும். பில் பிறகு வரும். எல்லாப் பிரசவ சிகிச்சையும் இந்த வகைதான்.

இரண்டாவது, அவசரமான சிகிச்சை. இந்த நிமிடமே வேண்டாம், ஆனால் நோயாளி ஊர் திரும்பும் வரை காத்திருக்க முடியாது. இதையும் பணத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது.

மூன்றாவது, ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளக் கூடியது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை போன்றவை பெரும்பாலும் இதில் வரும். இதற்கு முன்கூட்டியே முழுப் பணமும் கட்டினால்தான் சிகிச்சை. 2017 அக்டோபர் 23 முதல் இது சட்டப்படி கட்டாயம்.

எந்த நோயாளி எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கணக்குப் பிரிவு ஊழியர் இல்லை. நோயாளியின் குடும்பம் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது. 'பணம் கட்டினால்தான்' என்று யாராவது சொன்னால், 'இது அவசரம் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா?' என்று கேட்கலாம்.

கட்டாமல் ஊருக்கு வந்துவிட்டால்?

சிலர் யோசிக்கும் வழி இது. 'விமானம் ஏறிட்டா யார் வந்து கேட்கப் போறாங்க?'

500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி, இரண்டு மாதம் தாண்டியும் கட்டப்படாமல் இருந்தால், அந்தத் தகவல் பிரிட்டன் உள்துறைக்குப் போகும். அடுத்த முறை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காரணத்துக்காகவே நிராகரிக்கலாம். மருத்துவமனை தன் கணக்குப் புத்தகத்தில் வாராக்கடன் என்று எழுதிவிட்டாலும், நோயாளியின் கடன் ரத்தாகிவிடாது. பேரனின் பிறந்தநாளுக்கு மறுபடி போக நினைக்கும் தாத்தா பாட்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மருத்துவமனையில் பேசித் தவணையில் கட்ட வழி கேட்கலாம். ஓடி ஒளிவதை விட அது எவ்வளவோ மேல்.

அரசு சொல்லும் நியாயம் என்ன?

'இது தேசிய சுகாதார சேவை, சர்வதேச சுகாதார சேவை இல்லை' என்பதுதான் கட்டணத்தை ஆதரிக்கும் அரசியல்வாதிகளின் வாதச் சுருக்கம். வரி கட்டும் உள்ளூர்க்காரர் அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, சிகிச்சைக்கென்றே விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு ஏன் இலவசம் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளும் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கின்றன.

ஆனால் அப்படி வருகிறவர்கள் எத்தனை பேர்? பிரிட்டன் அரசுக்காக 2013-ல் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, வெளிநாட்டவர்களும் தற்காலிகமாகக் குடியேறியவர்களும் இங்கிலாந்து என்.எச்.எஸ்.ஸைப் பயன்படுத்துவதால் ஆகும் செலவு ஆண்டுக்கு சுமார் 200 கோடி பவுண்டு. இதில் வேலை செய்து வரி கட்டுகிறவர்களும் மாணவர்களும் அடக்கம். இலவச சிகிச்சையைப் பயன்படுத்திக்கொள்ளவே வருகிறவர்களால் ஆகும் செலவு 11 கோடி முதல் 28 கோடி பவுண்டு வரை. மொத்த பட்ஜெட்டில் இது சுமார் 0.3 சதவிகிதம்தான். அந்த மதிப்பீடுமே உறுதியான எண்ணிக்கை இல்லை, அனுமானங்களின் மேல் கட்டப்பட்டது.

வசூல் ஆனதா?

2017-18-க்குள் ஆண்டுக்கு 50 கோடி பவுண்டு வசூலிக்கணும் என்று அரசு இலக்கு வைத்தது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2016-ல் கணக்கைப் பார்த்தது. 2013-14-ல் 9.7 கோடியாக இருந்த வருமானம் 2015-16-ல் 28.9 கோடி பவுண்டாக உயர்ந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் 16.4 கோடி, விசாவோடு வாங்கிய கூடுதல் கட்டணம். மருத்துவமனைகள் தேடிப்பிடித்து வசூலித்தது அதில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த நோயாளிகளுக்குப் போட்ட பில்லிலும் சுமார் பாதிதான் கைக்கு வந்தது.

காரணம் எளிது. பில் வாங்குகிறவர்களில் பலர் வசதியான சுற்றுலாப் பயணிகள் இல்லை. விசா முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் இருப்பவர்கள், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்கள், கையில் காசில்லாத கர்ப்பிணிகள். அவர்களிடம் ஒன்றரை மடங்கு கேட்டாலும், ஐந்து மடங்கு கேட்டாலும் வரப்போவது ஒன்றுதான்.

மருத்துவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

'பில் வருமோ' என்ற பயத்தில் நோயாளி மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்துவிடுவார் என்பது அவர்களின் முதல் கவலை. கர்ப்பிணிகள் விஷயத்தில் இது ரொம்பத் தீவிரம். பிரசவ சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் பில் போடக் கூடாது என்று சொல்லவில்லை. சிக்கல் இல்லாத பிரசவத்துக்கே பல ஆயிரம் பவுண்டு வரும். அதற்குப் பயந்து மாதாந்திரப் பரிசோதனைக்கு வராமல், கடைசி நேரத்தில் ரத்த அழுத்தம் எகிறிய நிலையில் ஒரு பெண் வந்தால், தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. மருத்துவமனைக்குச் செலவும் பல மடங்கு.

இரண்டாவது கவலை, மருத்துவமனை குடியேற்றச் சோதனைச் சாவடி ஆகிவிடுகிறது என்பது. நோயாளிகளின் முகவரியை உள்துறைக்குத் தரும் ஒப்பந்தம் ஒன்று 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு கிளம்பவே 2018-ல் கைவிடப்பட்டது. 2019-ல் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம், வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கும் முறையையே ஒழிக்கணும் என்று தன் ஆண்டுக் கூட்டத்தில் வாக்களித்தது.

மூன்றாவது, தப்பான ஆளுக்கு பில் போடுவது. 2018-ல் பிரிட்டனை உலுக்கிய விண்ட்ரஷ் விவகாரத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கரீபியன் தீவுகளில் இருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் சட்டப்படி வந்தவர்கள், கையில் ஆவணம் இல்லாததால் 'சட்டவிரோதமாகத் தங்கியவர்கள்' ஆனார்கள். இங்கிலாந்தில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த ஒரு புற்றுநோயாளியிடம், கதிர்வீச்சு சிகிச்சைக்கு 54,000 பவுண்டு முன்பணம் கேட்டார்கள். அவரால் கட்ட முடியவில்லை. சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. நாடாளுமன்றம் வரை விவகாரம் போனது. அதே விவகாரத்தின் அலையில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

வெளிநாட்டவரைப் பிடிக்க வீசிய வலையில் உள்ளூர்க்காரர் சிக்கிய கதை அது. எல்லா நோயாளிகளிடமும் ஒரே மாதிரி கேள்வி கேட்கணும் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் பெயரையும், நிறத்தையும், பேச்சையும் வைத்து ஆவணம் கேட்கும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பல நாடுகள் பில் போட்டுத் துரத்துவதற்குப் பதில், வாசலிலேயே காப்பீடு கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெற்றோரை நீண்டகாலம் அழைத்துக்கொள்ள கனடா தரும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கான காப்பீடு வேண்டும். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் காப்பீடு இல்லாமல் விசா கிடையாது. மலேசியாவில் அரசு மருத்துவமனையில் சாதாரண புறநோயாளி சிகிச்சைக்குக் குடிமக்கள் கட்டுவது 1 ரிங்கிட். வெளிநாட்டுத் தொழிலாளிக்குத் தனிக் கட்டண அட்டவணை.

பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. கேட்பதில்லை என்பதால் பலரும் எடுப்பதும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு பிரிட்டனுக்குப் பரஸ்பர சிகிச்சை ஒப்பந்தம் உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

- தங்கும் நாட்கள் முழுவதற்கும் பயண மருத்துவக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். ஏற்கனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தொகை வரை தருவார்கள் என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.
- வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைத் தேவையான அளவுக்கு, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.
- சின்ன உடல்நலக் குறைவுக்கு முதலில் ஜி.பி. அல்லது 111. ஆபத்து என்றால் தயங்காமல் 999-க்குப் போன் செய்யுங்கள். பில்லுக்குப் பயந்து நெஞ்சுவலியைத் தள்ளிப்போடுவதுதான் மிகப்பெரிய நஷ்டம்.
- வார்டில் சேர்க்கச் சொன்னால், அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.
- பில் வந்தால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விலக்கு உள்ள சிகிச்சை பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று விவரம் கேளுங்கள். வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்க மருத்துவமனைகளில் தனி அலுவலர் இருப்பார்.

கட்டணம் வாங்குவது சரியா, தப்பா என்ற விவாதம் பிரிட்டனில் முடியப்போவதில்லை. 1949-ல் தொடங்கிய சண்டை அது. ஆனால் பேரனைப் பார்க்கப் போகும் ஒரு குடும்பத்துக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. அவசரப் பிரிவின் கதவு வரை இலவசம், வார்டின் கதவைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. டிக்கெட் போடும்போதே இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.